தானாகப் பற்றிய தீ என்று ஒன்று உண்டா?

தீக்காயப் பிரிவில் பணிபுரியும் எங்களிடம் நோயாளிகளின் உறவினர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. கைப்பேசியில் யாரோ அனுப்பிய காணொளியைக் காட்டி, “மனித உடம்பு தானாகவே தீப்பற்றி எரியுமாமே, உண்மையா டாக்டர்?” என்பர். பலர் பொழுதுபோக்காகக் கேட்கின்றனர். சிலர் உள்ளூர அஞ்சிக் கேட்கின்றனர். காய்ச்சல் ஏறிய குழந்தையின் தாயும், சிறுநீரில் கீட்டோன் இருப்பதாக அறிக்கை பெற்ற நீரிழிவு நோயாளியும் அவ்வாறு கேட்பதுண்டு. மிகச் சிலர், வீட்டில் நேர்ந்த தீக்காயத்துக்கு வேறு விளக்கம் சொல்ல இயலாமலோ சொல்ல விரும்பாமலோ, அதனை ஒரு விடையாகவே எங்கள் முன் வைக்கின்றனர்.

அஞ்சுவோருக்கு எங்கள் விடை சுருக்கமானது. மனித உடல் தானாகத் தீப்பற்றாது. ஆனால் அந்தச் சுருக்கமான விடையோடு இக்கட்டுரையை முடித்துவிட எங்களுக்கு மனமில்லை. ‘தானாகப் பற்றியது’ என்னும் சொல், வரலாற்றில் அது வழங்கப்பட்ட இடங்களிலெல்லாம், விசாரணையின் கதவை அடைத்திருக்கிறது. அடைபட்ட அக்கதவுக்குப் பின்னே பெரும்பாலும் ஒரு முதியவரோ, தனித்து விடப்பட்ட ஒரு நோயாளியோ, சில வேளைகளில் கொலையுண்ட ஒருவரோ கிடந்திருக்கின்றனர். எனவே அச்சொல்லை எந்த மருத்துவக் குறிப்பிலும் எழுதக் கூடாது என்பதே எங்கள் கருத்து. காரணத்தை விரித்துரைக்க விரும்புகிறோம்.

இத்தாலியின் செசேனா நகரில் 1731ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். கொர்னேலியா பாண்டி என்னும் 62 வயதுச் சீமாட்டி, இரவு உறங்கச் சென்றவர், மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து சில அடி தொலைவில் சாம்பற் குவியலாகக் காணப்பட்டார். முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் காலுறையோடு அப்படியே இருந்தன. தலையின் ஒரு பகுதியும் கருகிய மூன்று விரல்களும் எஞ்சியிருந்தன. அறை எரியவில்லை, எங்கும் பிசுபிசுப்பான கரி படிந்திருந்தது. பியாங்கினி என்னும் இத்தாலியப் பாதிரியார் இதை ஆராய்ந்து, உடலின் உள்ளே எழுந்த நெருப்பே காரணம் என்று எழுதினார். 1745இல் அவ்வாய்வு ஆங்கிலத்தில் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாகி, ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது.

அதே அறிக்கையில் இன்னும் சில செய்திகளும் பதிவாகியுள்ளன. தரையில் ஒரு விளக்கு கிடந்தது. அதன்மேல் சாம்பல் மூடியிருந்தது. உள்ளே எண்ணெய் இல்லை. மேசையிலிருந்த இரு மெழுகுவத்திகளின் கொழுப்பு உருகி வடிந்துவிட, திரி மட்டும் நின்றது. அம்மையாருக்கு உடல்நலம் குன்றும்போதெல்லாம் கற்பூரம் கலந்த சாராயத்தை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. கையில் விளக்கு, மேனியில் சாராயம், நள்ளிரவு, அறையில் வேறு யாருமில்லை. உள்ளிருந்து எழுந்த நெருப்பைத் தேடுமுன் தரையில் கிடந்த விளக்கை ஒருமுறை பார்த்திருக்கலாம் அல்லவா?

1800ஆம் ஆண்டு பியேர் எமே லேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து ஒப்பிட்டார். இறந்தவர்களுள் பெரும்பாலோர் முதிய பெண்கள், பலர் நெடுங்காலம் மது அருந்தியவர்கள், உடல் பருத்தவர்கள். அருகில் ஏதேனும் ஒரு நெருப்பு இருந்தது. கைகால்கள் எஞ்சின, நடுவுடல் மட்டும் எரிந்தது, சுற்றுப்பொருள்கள் அதிகம் சேதமுறவில்லை. அவர் தொகுத்த இந்த அடையாளங்கள் இன்றைய ஆய்வுக்கும் பெரிதும் பொருந்துகின்றன என்பது எங்களை வியக்க வைக்கிறது. ஆயினும் அக்காலத்தார் அப்பட்டியலிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. மது குடித்தவரின் உடல் மதுவில் ஊறி, விறகாகிவிடும் என்று நம்பினர். குடிகாரர்களுக்குக் கடவுள் தரும் தண்டனை என்று மேடைகளிலும் முழங்கினர். சார்லஸ் டிக்கன்ஸ் 1852–53இல் தொடராக எழுதிய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் குடிகாரக் கடைக்காரர் ஒருவரை இவ்வாறே எரித்து முடித்தார். இது அறிவியலுக்கு ஒவ்வாது என்று ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் கண்டித்தபோது, செசேனா நிகழ்ச்சியையே சான்று காட்டி வாதிட்டார் டிக்கன்ஸ். நாவலாசிரியருக்கு அது பொருத்தமான உருவகமாக இருந்திருக்கலாம். மருத்துவருக்கு அது போதாது.

அந்நாளில் வேதியியலின் பேராசானாக விளங்கிய ஜெர்மானியர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் இந்நம்பிக்கையை எளிய முறையில் மறுத்தார். உடற்கூறியல் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் சாராயத்தில் ஊறவைக்கப்பட்ட உடலுறுப்புகளைப் பற்றவைத்தால், சாராயம் எரிந்து தீர்ந்ததும் தீ அணைந்துவிடுகிறது, தசை எரிவதில்லை. அவ்வாறிருக்க, குடித்த மதுவால் உடல் எப்படி எரியும்? இன்று நாம் எண்களோடும் சொல்லலாம். இரத்தத்தில் மதுவின் அளவு 0.4 விழுக்காட்டை எட்டினாலே உயிருக்கு ஆபத்து. மதுக்கலவை அறை வெப்பத்தில் எளிதாகத் தீப்பற்ற வேண்டுமெனில் ஏறத்தாழப் பாதியளவு மதுவாக இருக்க வேண்டும். அந்த அளவை அடையுமுன் குடித்தவர் நூறு முறை இறந்திருப்பார்.

லீபிக் இதை ஏட்டளவில் மட்டும் சொல்லவில்லை. நீதிமன்றத்திலும் சொல்ல நேர்ந்தது. 1847 ஜூன் மாதம், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கோர்லிட்ஸ் சீமாட்டி தம் அறையில் எரிந்து கிடந்தார். முதலில் பார்த்த மருத்துவர், தானாக எரிந்த உடல் என்றே கருதினார். சீமாட்டி அடக்கம் செய்யப்பட்டார். பின்னர், அவருடைய நகைகள் வீட்டுப் பணியாளன் ஒருவனின் தந்தையிடம் அகப்பட்டன. ஓராண்டுக்கும் மேல் கழித்து உடல் தோண்டியெடுக்கப்பட்டு மறுபடியும் ஆராயப்பட்டது. 1850இல் நடந்த வழக்கில் லீபிக்கும் பிஷோஃப் என்னும் உடலியல் பேராசிரியரும் தானாக எரிதல் என்று ஒன்றில்லை எனச் சாட்சியமளித்தனர். பணியாளன் தண்டிக்கப்பட்டான். கழுத்தை நெரித்துக் கொன்றபின் தீ வைத்ததாக அவனே பிறகு ஒப்புக்கொண்டான். நகையை விற்க முயலாதிருந்தால், ஒரு மருத்துவரின் ஒற்றைச் சொல்லே அவனுக்கு ஆயுட்காலப் பாதுகாப்பாக அமைந்திருக்கும்.

இவை பழங்கதைகள் எனத் தள்ள வேண்டா. 1951 ஜூலையில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 67 வயது மூதாட்டி ஒருவர் நாற்காலியோடு எரிந்து போனார். செருப்பணிந்த ஒரு பாதம் மட்டும் எஞ்சியது. 1966இல் பென்சில்வேனியா மாநிலத்தில் 92 வயதான, ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் குளியலறையில் ஒரு காலைத் தவிர முழுதும் சாம்பலாகக் கிடந்தார். 2010 டிசம்பரில் அயர்லாந்தின் கால்வே நகரில் 76 வயது முதியவர் தம் வீட்டில் எரிந்து கிடந்தார். 2011இல் அதை விசாரித்த மரண விசாரணை அதிகாரி, உடல் தானாக எரிந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்ப்பெழுதினார். இருபத்தொன்றாம் நூற்றாண்டில், படித்த ஒருவர், அரசு முத்திரையோடு எழுதிய தீர்ப்பு அது!

புளோரிடா மூதாட்டி அன்றிரவு தூக்க மாத்திரை உண்டிருந்தார். இரவு உடையோடு சாய்வு நாற்காலியில் அமர்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பென்சில்வேனியா மருத்துவர் ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடந்தவர், புகைக்குழாய் பிடிப்பவர், சட்டைப் பையில் தீக்குச்சிகளை வைத்திருப்பவர், அவருடைய உடைகளில் கங்கு விழுந்த பழைய ஓட்டைகள் முன்பே இருந்தன. கால்வே முதியவரின் தலை கணப்படுப்புக்கு மிக அருகில் கிடந்தது. அந்த அடுப்பு தீக்குக் காரணமன்று என வல்லுநர்கள் கருதினர் என்பதை மறைக்க மாட்டோம். அப்படியாயின் ‘தீயின் தோற்றுவாய் கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. தோற்றுவாய் தெரியாமையும் தோற்றுவாய் இன்மையும் ஒன்றல்ல. நோயாளியின் காய்ச்சலுக்குக் காரணம் பிடிபடாதபோது நாங்கள் ‘காரணம் ஆய்வில் உள்ளது’ என்று எழுதுகிறோமேயன்றி, ‘காரணமின்றி வந்த காய்ச்சல்’ என்று எழுதுவதில்லை.

சரி, சிறிய நெருப்பு ஒன்று முழு உடலை எப்படிச் சாம்பலாக்கும்? இது நியாயமான ஐயம். மயானத்தில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும், மனித உடல் எளிதில் எரிவதன்று. சிதைக்குப் பல நூறு கிலோ விறகு வேண்டும். மின்மயானத்தின் உலையோ 700 டிகிரி செல்சியசுக்கு மேல் கனன்றுகொண்டிருக்க வேண்டும். வளர்ந்த மனிதனின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தண்ணீர். 60 கிலோ எடையுள்ளவர் 36 லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு நடக்கிறார். அத்தனை ஈரத்தை மீறி நடுவுடல் சாம்பலாவதும், பக்கத்திலிருந்த செய்தித்தாள் கருகாதிருப்பதும் மாயம் போலவே தோன்றும்.

நம் வீட்டு அகல்விளக்கை எண்ணிப் பாருங்கள். அகலில் எண்ணெயை மட்டும் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணையும். திரியிட்டால், அத்திரி எண்ணெயைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மேலே தர, சிறுசுடர் மணிக்கணக்கில் நிலைத்து நிற்கிறது. மனித உடலில் எண்ணெயின் இடத்தில் இருப்பது தோலுக்கடியிலுள்ள கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது கிலோகலோரி என்று உணவியல் வல்லுநர் தரும் தாளில் நீங்களே படித்திருப்பீர்கள். எரிபொருளாகவும் அது அத்தகையதே. உடுத்த ஆடை, போர்வை, நாற்காலியின் பஞ்சு ஆகியவை திரி. ஆடையில் பற்றிய தீ தோலைப் பிளந்தால், உருகிய கொழுப்பு துணியில் ஊறி, சிறுசுடராக எரியத் தொடங்குகிறது. அந்த வெப்பம் அடுத்த பகுதியை உலர்த்தி, மேலும் கொழுப்பை உருக்குகிறது. இதற்குத் திரி விளைவு என்று பெயர்.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத் தடயவியல் மருத்துவர் டேவிட் ஜீ, 1965இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் கொழுப்பை எட்டு அங்குல நீளமுள்ள உருளையாகத் திரட்டி, தோலும் துணியும் சுற்றி, ஒரு முனையில் தீயிட்டார். நேரடியாகச் சூடேற்றினால் அக்கொழுப்பு எரிய ஏறத்தாழ 250 டிகிரி தேவைப்பட்டது. துணியில் ஊறிய பிறகோ அறை வெப்பத்திலேயே சுடர் நிலைத்தது. காற்றோட்டம் கிடைத்ததும் உருளை முழுவதும் ஒரு மணி நேரத்தில் புகை நிறைந்த மஞ்சள் சுடரோடு மெல்ல எரிந்து முடிந்தது. 1998இல் ஜான் டிஹான் என்னும் அமெரிக்கத் தடயவியலாளர், பிபிசி தொலைக்காட்சிக்காக, இறந்த பன்றியொன்றைப் போர்வையில் சுற்றி, சிறிதளவு பெட்ரோல் தெளித்துப் பற்றவைத்தார். பெட்ரோல் விரைவில் தீர்ந்தது. ஆனால் பன்றியின் கொழுப்பு ஐந்து மணி நேரத்துக்கு மேல் எரிந்தது; தீ பட்ட பகுதியில் எலும்புகளும் நொறுங்கும் பொடியாயின. அறையிலிருந்த மற்றப் பொருள்களுக்குப் பெருஞ்சேதம் இல்லை.

மர்மம் என்று சொல்லப்பட்ட அடையாளங்கள் இதன் பின் ஒவ்வொன்றாக விளங்குகின்றன. கொழுப்பு மிகுந்த நடுவுடல் எரிகிறது. கொழுப்பு குறைந்த, ஆடை மூடாத பாதங்கள் எஞ்சுகின்றன. சுடர் சிறிது, வெப்பம் மேல்நோக்கிச் செல்கிறது, எனவே பக்கவாட்டுப் பொருள்கள் தப்புகின்றன, கூரையும் சுவரின் மேற்பகுதியும் கரியேறுகின்றன. எரிந்த கொழுப்பின் புகையே சுவரில் படிந்த பிசுபிசுப்பு. உலையின் கடும் வெப்பம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செய்வதை, சிறுசுடர் இரவு முழுதும் செய்துவிடுகிறது.

‘இரவு முழுதும்’ என்பதே எங்கள் மனத்தை உறுத்தும் சொல். திரி விளைவுக்கு நேரம் வேண்டும். எரிபவர் அசையாதிருக்க வேண்டும். இடையில் யாரும் கதவைத் திறவாதிருக்க வேண்டும். ஆகவேதான் இக்கதைகளில் வருவோரெல்லாம் முதியோர், நடை தளர்ந்தோர், மதுவாலோ மாத்திரையாலோ உணர்வு மங்கியோர், பக்கவாதமோ மாரடைப்போ வந்து முன்பே வீழ்ந்திருக்கக் கூடியோர். ஜோ நிக்கல், ஜான் ஃபிஷர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1984இல் முப்பது நிகழ்ச்சிகளை மறுஆய்வு செய்தபோதும், பெரும்பாலானவற்றில் அருகே ஒரு விளக்கோ மெழுகுவத்தியோ கணப்படுப்போ சிகரெட்டோ இருந்ததைக் கண்டனர். மனைவி மக்களோடு உண்டுகொண்டிருக்கையில் இவ்வாறு சாம்பலானவர் என்று நம்பத்தக்க பதிவு எதையும் நாங்கள் படித்ததில்லை. தனிமைதான் இக்கதைகளின் பொதுக்கூறு. அதைப் பற்றி யாரும் காணொளி செய்வதில்லை.

வேறு விளக்கங்களும் உலவுகின்றன. பந்து மின்னல் என்பர், உடலுக்குள் புதுவகை அணுத்துகள் என்பர். இவற்றுக்குச் சான்று ஏதுமில்லை என்பதோடு விட்டுவிடுகிறோம். பிரையன் ஃபோர்டு என்னும் பிரிட்டிஷ் உயிரியலாளர் 2012இல் சொன்ன கருத்துக்கு மட்டும் சற்று நின்று விடை சொல்ல வேண்டும். நீரிழிவு நோயாளிகளை அது வீணே அச்சுறுத்துகிறது. உடலில் கீட்டோன் மிகும்போது உண்டாகும் அசிட்டோன் தீப்பற்றும் என்பது அவர் கருத்து. நீரிழிவின் கடுமையான கீட்டோன் நிலையிலும், இரத்தத்தில் சேரும் அசிட்டோன் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. மீதமெல்லாம் தண்ணீரும் உப்பும் புரதமும். அது எரியாது. ஆனால் கீட்டோன் நிலை வேறு வழியில் உயிரைப் பறிக்கும். மூச்சில் பழவாடை, இடைவிடா வாந்தி, ஆழ்ந்த வேகமூச்சு, மயக்கம் ஆகியவை தோன்றினால் தாமதியாது அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். தீக்கு அஞ்சியவர்கள் இதற்கு அஞ்சினால் பயனுண்டு.

‘உடற்சூடு’ என்னும் நம் வழக்குச் சொல்லும் இங்குக் குழப்பம் விளைக்கிறது. கடுங்காய்ச்சல் என நாம் பதறும் 104 டிகிரி ஃபாரன்ஹீட், 40 டிகிரி செல்சியசே. துணி பற்றுவதற்கு இருநூறு டிகிரிக்கு மேல் வேண்டும். வைக்கோற்போர் தானாகப் பற்றுவதைக் கிராமத்தார் கண்டிருப்பர், அது மெய்யே. ஈரவைக்கோலில் நுண்ணுயிர்கள் பெருகி எழுப்பும் வெப்பம் போரின் நடுவே சிக்கி, வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகிறது. உயிருள்ள உடலில் வெப்பம் சிக்குவதில்லை. குருதியோட்டம் அதைத் தோலுக்குக் கொண்டுவருகிறது, வியர்வை ஆற்றுகிறது. அவ்வேற்பாடு பழுதுபட்டால் வெப்பவாதம் வந்து, 42 டிகிரியை ஒட்டிய நிலையிலேயே உயிருக்குக் கேடு நேர்ந்துவிடும். சுடர் எழுவதற்கான சூட்டை எட்ட வாய்ப்பே இல்லை.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2013இல் விழுப்புரம் மாவட்டத்துக் கைக்குழந்தை ஒன்று, பிறந்ததிலிருந்து பலமுறை தீக்காயமுற்றதாகக் கூறப்பட்டு, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. குழந்தையின் உடலிலிருந்து எரிவாயு கசிகிறது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. தம் கூரைவீடுகளும் எரியுமென அஞ்சிய ஊரார் அக்குடும்பத்தை ஒதுக்கியதாகவும் நாளேடுகள் எழுதின. மருத்துவமனையில் செய்த சோதனைகளில் எரியக்கூடிய பொருள் எதுவும் குழந்தையின் உடலில் காணப்படவில்லை. அக்குடும்பத்தார் எவர்மீதும் பழி சுமத்துவது எங்கள் நோக்கமன்று. நாங்கள் சொல்ல வருவது, ‘எரியும் குழந்தை’ என்ற பட்டம் அக்குழந்தைக்கு எவ்வகையிலும் துணை செய்யவில்லை என்பதே. அண்டை வீட்டார் விலகினர், பெற்றோர் அலைக்கழிக்கப்பட்டனர், எந்தத் தீ, எங்கிருந்து, எப்படிப் பட்டது என்னும் முதற்கேள்வி பின்னுக்குப் போயிற்று. பேசத் தெரியாத பச்சிளங்குழந்தைக்கு இருமுறை தீக்காயம் நேர்ந்தால், வீட்டின் அடுப்பு முதல் வளர்ப்போரின் மனநலம் வரை அனைத்தையும் கனிவோடும் கண்டிப்போடும் ஆராய வேண்டும். அவ்வாறு ஆராய்வது குழந்தையைக் காப்பது. பெற்றோர் குற்றமற்றவரெனில் அவர்களையும் காப்பது. குழந்தைக்கு ஆபத்து என்று ஐயுறும் எவரும் 1098 எண்ணை அழைக்கலாம்.

எங்கள் பிரிவில் ‘தானாக எரிந்தது’ என்பதைவிடப் பன்மடங்கு மிகுதியாக நாங்கள் கேட்கும் சொல் ‘ஸ்டவ் வெடித்தது’ என்பது. ஸ்டவ் வெடிப்பதுண்டு, எரிவாயு கசிவதும் உண்டு. ஆயினும் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு, தலையிலிருந்து கால்வரை எரிந்து வரும் இளம்பெண், கண்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அச்சொல்லைச் சொல்லும்போது, கூடவே நிற்கும் மாமியாரும் கணவரும் அதையே வரி பிசகாமல் சொல்லும்போது, அதை அப்படியே எழுதிக்கொண்டு போவது எங்களுக்கு எளிதாக இருப்பதில்லை. திருமணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கிடமான முறையில் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை நடப்பதும், நீதித்துறை நடுவர் வந்து வாக்குமூலம் பெறுவதும் இதனால்தான். தீக்காயத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. அதைக் கண்டு உறவினர்கள் சினம் கொள்கின்றனர். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நடந்ததை உள்ளபடி சொல்வதால் சிகிச்சை குறையாது. மாறாக, மண்ணெண்ணெயா, கொதிநீரா, மின்சாரமா, அமிலமா என்பதற்கேற்ப எங்கள் முதல் ஒரு மணி நேர மருத்துவமே மாறுகிறது. மின்சாரம் பாய்ந்தவரின் இதயத்தைக் கண்காணிக்க வேண்டும். மூடிய அறையில் எரிந்தவரின் மூச்சுக்குழாய் வீங்கி அடைபடுமுன் குழாய் செருக வேண்டும். பேச அஞ்சும் பெண்களுக்கு 181 என்னும் உதவி எண் உண்டு. வார்டில் செவிலியரிடம் “தனியாகப் பேச வேண்டும்” என்று சொன்னாலும் போதும், உறவினரை வெளியே அனுப்பிவிட்டு வந்து கேட்போம்.

காரணம் தெரியாத ‘தீக்காயங்கள்’ சில மெய்யாகவே உண்டு. அவற்றில் மர்மம் இல்லை, நோய் உண்டு. நீண்டநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போனவர், கோயிற்பிராகாரத்தின் சுடுகல்லில் நடந்தோ, வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து உறங்கியோ, பெருங்கொப்புளத்தோடு வருவார். “ஒன்றும் படவேயில்லை, தானாக வந்தது” என்று அவர் சொல்வது பொய்யன்று. அவருக்குத் தெரியவே இல்லை. மழைக்காலத்தில் விளக்கொளியை நாடி வரும் சிறுவண்டு ஒன்று தோலில் நசுங்கினால், மறுநாள் காலை சாட்டையடி பட்டாற்போல் கொப்புள வரி எழும். மாத்திரை ஒவ்வாமையால் உடலெங்கும் தோல் உரிவது வெந்த புண்ணையே ஒத்திருக்கும். புது மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் வாய்ப்புண்ணோடும் கண் சிவப்போடும் தோல் உரியத் தொடங்கினால், அம்மருந்தை நிறுத்திவிட்டு, மருந்தட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வர வேண்டும். இவற்றையெல்லாம் ‘செய்வினை’ என்று கருதி நாள் கடத்தியவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி வீட்டுக்குச் செல்லும் நோயாளிகளைப் பற்றி. திரி, எரிபொருள், தனிமை என்னும் மூன்றும் நம் வீடுகளிலேயே, மருத்துவமனை தந்தனுப்பும் பொருள்களின் நடுவிலேயே கூடிவிடக் கூடும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர் இதை முதலில் கேட்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரியும் எதையும் பன்மடங்கு விரைவாக எரிய வைக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 விழுக்காடுதான். மூக்குக்குழாயின் ஆக்சிஜன் தலையணை, போர்வை, மீசைதாடி ஆகியவற்றில் தங்கி நிற்கும். கருவியை நிறுத்தியதுமே பீடி பற்றவைத்தால் முகத்திலேயே தீ எழும். பூசையறை விளக்கு, ஊதுபத்தி, கற்பூர ஆரத்தி, கொசுவத்திச்சுருள், அடுப்பு ஆகிய எதுவாயினும் மூன்று மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஆரத்தித் தட்டை அன்போடு நோயாளியின் முகத்துக்கு நேரே நீட்டும் பாட்டிமாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

சொரியாசிஸ், கரப்பான் முதலியவற்றுக்கு நாங்கள் தரும் பாரஃபின் களிம்புகளும் அவ்வாறே. களிம்பு தோலில் இருக்கையில் தீங்கில்லை. அது ஊறிய வேட்டியும் படுக்கை விரிப்பும், உலர்ந்த பிறகும், ஒரு பொறி பட்டால் வேகமாக எரியும். துவைத்தாலும் முழுதும் போவதில்லை. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் இத்தகைய களிம்புகள் அனைத்துக்கும் எச்சரிக்கை வாசகம் இடச் சொன்னது. களிம்பை நிறுத்த வேண்டா. துணிகளை அடிக்கடி மாற்றுங்கள், அவற்றை உடுத்தியபடி அடுப்பருகே செல்லாதீர்கள்.

தூக்க மாத்திரை உண்ணும் முதியவர் படுக்கையில் புகைப்பதை எப்படியாவது தடுக்க வேண்டும். தடுக்க முடியவில்லையெனில், மாத்திரைக்கு முன்பே, நாற்காலியில் அமர்ந்து, யாரேனும் உடனிருக்கப் புகைத்து முடிக்கட்டும். தீப்பெட்டி இரவில் அவர் அறையில் இருக்க வேண்டா. பக்கவாதம் வந்தவர், பார்கின்சன் நோயால் கை நடுங்குபவர், அடிக்கடி வலிப்பு வருபவர் ஆகியோர் தனியே சமைக்க நேரும் வீடுகளில், நைலான் நைட்டிக்கு மாற்றாகப் பருத்தி உடையும், தரையில் வைத்த அடுப்புக்கு மாற்றாக மேடையடுப்பும் பெருவேறுபாட்டைத் தரும். தனித்து வாழும் பெற்றோருக்கு இரவு ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. எடுக்கவில்லையெனில் சென்று பார்க்கப் பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச்சாவி.

தீ பட்டுவிட்டால், குழாய் நீரை இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். பனிக்கட்டி, பற்பசை, இட்லி மாவு, பேனா மை ஆகிய எதுவும் வேண்டா. மோதிரத்தையும் வளையலையும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். தூய துணியால் மூடி, 108ஐ அழையுங்கள். வரும் வழியில், தீ எங்கிருந்து வந்தது, அப்போது யார் உடனிருந்தார், எத்தனை மணி என்பதை ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். அவசரப் பிரிவில் எங்கள் முதல் மூன்று கேள்விகள் அவைதாம்.